பால்சாமி எடுக்காத போன்

ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் டாக்டர் காலிதா நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினான்கு வருசமாக பால்சாமிதான் கேட் வாட்ச்மேன். கேட்டை ஒட்டிய தகரக் கூண்டில் அவருக்கென்று ஒரு போன் உண்டு. முதல் வாரத்தைத் தவிர, அந்தப் பதினான்கு வருசத்தில் ஒரு தடவைகூட அவர் அதை எடுத்துப் பேசியதில்லை.

போன் அடிக்கும். பால்சாமி எழுந்து நிற்பார். தலையைச் சாய்த்து எத்தனை தடவை மணி அடிக்கிறது என்று எண்ணுவார். அது தானாக அடங்கியதும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். புதிதாக வந்தவர்கள், இந்த ஆளுக்குக் காது மந்தமோ, இல்லை போனைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயமோ என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

விசயம் இதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பிரசவ அறையில் இருந்து ஆயா சண்முகவள்ளி போன் பண்ணி, "அண்ணே, ஒரு பாட்டில் ரத்தம் வேணும், யாரையாச்சும் அனுப்புங்க" என்றாள். கூண்டைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்களில் ஒரு ஆள் ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தான். "ரத்தம்" என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் அங்கேயே சரிந்து விழுந்தான். அவனைத் தூக்கி முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைக்கவே பத்து நிமிசம் போனது. ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது அதற்கப்புறம்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே பால்சாமியும் சண்முகவள்ளியும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இனிமேல் பேச்சுக் கிடையாது. மணி மட்டும்தான். ஒரு மணி அடித்தால் பிள்ளை பிறந்துவிட்டது, தாயும் சேயும் நலம், ஆட்களை உள்ளே அனுப்பலாம். இரண்டு மணி என்றால் ரத்தம் வேண்டும். மூன்று மணி என்றால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது, மதுரைக்கு வண்டி. சண்முகவள்ளி ரிசீவரைக் காதில் வைத்து மணி போவதை எண்ணுவாள். எண்ணிக்கை ஆனதும் வைத்துவிடுவாள். இங்கே இவர் எண்ணிக்கொள்வார். கேட்டில் நிற்கிற எவருக்கும் எதுவும் தெரியாது, யாரும் பயப்படவும் மாட்டார்கள். ரிசப்ஷன்காரர்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போடுவார்கள். ஆகவே அந்தப் போன் மணிக்கு இந்த மூன்று அர்த்தத்தைத் தவிர வேறு அர்த்தமே கிடையாது. டாக்டரம்மாவுக்கே இது தெரியாது.

ஒரு வாட்ச்மேன் இதையெல்லாம் எதற்குத் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று கேட்டால் அவருடைய பழைய கதைக்குத்தான் போக வேண்டும். சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே அவர் கிராமம். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. முண்டு மிளகாய் போட்டார். மழை பெய்த வருசம் மிளகாய் காய்த்தது, பெய்யாத வருசம் கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போட்டார். மனைவி கருத்தம்மாளுக்கு முதல் பிரசவம் வந்தபோது டிராக்டரில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்து ஓர் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்தார். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆனது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. கால் மணி நேரத்தால்தான் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனாலும் பால்சாமி இன்றுவரை டீக்கடைக்குப் போனதில்லை. பிளாஸ்கில்தான் டீ. கேட்டை விட்டு நகர வேண்டும் என்றால் ஒன்றுக்குப் போக மட்டும்தான், அதுவும் ஆம்புலன்ஸ் டிரைவர் மாரீஸ்வரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு.

அடுத்துப் பிறந்து தங்கியவள் அமுதவள்ளி. அவளுக்குத்தான் இன்றைக்கு விடியக்காலை இடுப்பு வலி எடுத்து இதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது.

மகள் உள்ளே, அப்பன் வாசலில். லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா சொன்னார். "லீவு போட்டுட்டு எங்கன போயி நிப்பேன், இங்கனதான் நிப்பேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் பால்சாமி. வெளியே கம்பீரம். உள்ளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. ஏழாம் மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அமுதவள்ளிக்கு ஓ நெகட்டிவ் என்று வந்திருந்தது. எளிதில் கிடைக்காத வகை. பால்சாமியிடம் ஒரு நோட்டு உண்டு. ரத்தம் கொடுக்கிற ஆட்டோக்காரர்கள், கடைக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள் என்று நாற்பது பேர் அதில் இருந்தார்கள். ஓ நெகட்டிவ் ஒரே ஆள்தான். ஆட்டோ ஓட்டும் நுஃமான். மூன்று மாசமாக அவன் ஊரில் இருக்கிறானா என்று வாரம் ஒரு தடவை போன் பண்ணி விசாரித்துக்கொண்டிருந்தார் பால்சாமி. "மாமா, எனக்கு எம் பொண்டாட்டிகூட இத்தன போன் பண்றதில்ல" என்றான் நுஃமான்.

காலை ஒன்பது மணிக்குத் தோளில் கம்ப்யூட்டர் பையும் கையில் ஒரு சின்னப் பெட்டியுமாக ஒரு பெண் கேட்டுக்கு வந்தாள். பெயர் சத்யப்பிரியா. மதுரையில் உள்ள ஒரு கம்பெனியில் இருந்து வருகிறாள். பரமக்குடியில் டாக்டரம்மா புதிதாகத் திறக்கிற கிளினிக்கையும் இந்த ஆஸ்பத்திரியையும் ஒரே நம்பரில் சேர்த்து, இன்டர்நெட் வழியாகப் போகும் புது போன் சிஸ்டம் போடுகிற வேலை. நேற்றே டாக்டர் அறையிலும் ரிசப்ஷனிலும் திரை வைத்த புது போன்கள் வந்துவிட்டன.

"தாத்தா, உங்க கூண்டுல இருக்குற போனக் கொஞ்சம் பாக்கணும்."

"ஆரத் தாத்தாங்குற? எம் மக உள்ள வலியில கெடக்கா. அவ பெத்து முடிக்கட்டும், அப்பறம் நீ தாத்தான்னு கூப்புடு. அதுவரைக்கும் அந்தப் பட்டம் நமக்குச் சேராது."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப என்னன்னு கூப்புட? எங்கப்பாவவிட நாலு வயசு கூட இருப்பீங்க."

"பெரியப்பான்னு கூப்புடு."

"சரி பெரியப்பா."

"இதக் கழட்டிட்டு அந்த டிவி வச்ச போன வைக்கப் போறியா?"

"இல்ல. அதுக்குப் புது ஒயர் இழுக்கணும், டைல்ஸ ஒடைக்கணும். டாக்டரம்மா ஒடைக்கக் கூடாதுன்னுட்டாங்க. உங்க போனு, பிரசவ ரூம் போனு, லேப் போனு மூணும் அப்படியே இருக்கட்டும். அதுங்களுக்குத்தான் இந்தப் பொட்டி. இதுக்குப் பேரு கேட்வே."

கையகலப் பெட்டி. முன்னால் பச்சை விளக்குகள், பின்னால் வரிசையாக எட்டுத் துளைகள்.

"இது என்னா பண்ணும்?"

"உங்க போனுக்குப் பழைய ஒயர்ல வர்ற கரண்டுதான் தெரியும். புது சிஸ்டம் இன்டர்நெட்டுலதான் பேசும். இது சொல்றது அதுக்குப் புரியாது, அது சொல்றது இதுக்குப் புரியாது. இந்தப் பொட்டி நடுவுல நின்னு ரெண்டுக்கும் எடுத்துச் சொல்லும்."

"நம்ம வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் நடுவுல நிக்கிற புரோக்கர் கணக்கா."

"அதேதான் பெரியப்பா. ஆனா இந்தப் புரோக்கர் ரெண்டு பக்கமும் பொய் சொல்லாது."

அந்த வார்த்தையைப் பால்சாமி நம்பினார்.

பெட்டியைப் பிரசவ அறைக்கு வெளியே நடைவழிச் சுவரில் மாட்டி, பழைய ஒயர்களை அதில் செருகி, பத்தரை மணிக்கு அவள் சோதனைக்கு வந்தாள். பிரசவ அறை வாசலில் இருந்து கேட்டுக்குப் போன் போட்டாள். கூண்டில் மணி அடித்தது. வழக்கமாக ‘ட்ரிங் ட்ரிங்’ என்று இரட்டையாக அடிக்கிற மணி, இழுத்து நீளமாக ‘ட்ர்ர்ர்ரிங்’ என்றது. பால்சாமி எழுந்து நின்று தலையைச் சாய்த்தார். நடைவழி ஜன்னலில் இருந்து அவள் கத்தினாள்.

"பெரியப்பா, எடுங்க! எடுத்துப் பேசுங்க!"

பால்சாமிக்குக் கை கூசியது. பதினான்கு வருசம் தொடாத ரிசீவர். வெளியூரில் இருந்து வேலைக்கு வந்த பிள்ளை, வெயிலில் அலைகிறது, அதன் மனசு நோகக் கூடாது என்று எடுத்தார்.

"கேக்குதா?"

"கேக்குது தாயி."

"தெளிவாக் கேக்குதா?"

"பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது."

இன்னும் நாலு தடவை போட்டாள். நாலு தடவையும் முதல் மணி முழுசாக அடிக்கும் முன்னாலேயே அவர் எடுத்துவிட்டார். அவளும் திருப்தியாகத் தாளில் டிக் போட்டுக்கொண்டாள். இந்தப் போனை யாரும் எடுக்க மாட்டார்கள், இதில் மணியைத்தான் எண்ணுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்கிற வழக்கம் பால்சாமிக்கும் இல்லை. டாக்டரம்மாவுக்கே தெரியாத விசயத்தைக் கம்பெனிக்காரப் பிள்ளையிடம் சொல்வானேன் என்றும் இருந்தது.

பதினொன்று பத்துக்குக் கூண்டில் மணி அடித்தது.

சத்யப்பிரியா லேப் போனுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஆகவே இது சோதனை இல்லை. உள்ளே பிரசவ அறையில் இருப்பது அமுதவள்ளி ஒருத்திதான். பால்சாமி எழுந்து நின்றார்.

ஒன்று.

முகம் மலர்ந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் மணி மறுபடி அடித்தது.

இரண்டு.

அத்தோடு நின்றது. தூக்கிய கை அப்படியே நின்றது.

போர்டிகோ பெஞ்சில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த கருத்தம்மாள் எழுந்து வந்தாள். அந்த ஒப்பந்தம் தெரிந்த மூன்றாவது ஆள் அவள்தான். புருசன் வீட்டில் சோறு சாப்பிடும்போது சொன்னது.

"ஏங்க, ரெண்டா அடிச்சுச்சு?"

"அது டெஸ்டிங். அந்தப் புள்ள போன மாத்துதுல்ல, சும்மா அடிச்சுப் பாக்கும்."

"டெஸ்டிங்னா ஒங்க மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துருக்கு?"

"வெயிலு. நீ போயி ஒக்காரு."

அவள் போகவில்லை. அவர் கூண்டுக்குள் போய்த் தன் செல்போனை எடுத்து நுஃமானைக் கூப்பிட்டார்.

"மாப்ள, எங்கன இருக்க?"

"புது பஸ் ஸ்டாண்டுல சவாரி ஏத்திக்கிட்டிருக்கேன் மாமா."

"எறக்கி விட்டுரு."

"ஆருக்கு மாமா?"

பால்சாமி இதுவரை எத்தனையோ பேருக்காக எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டால் ‘ஒரு பிள்ளைக்கு’ என்பார்.

"அமுதாவுக்குடா."

"வாரேன்."

ஐந்து நிமிசம் இருக்கும். உள்ளே யாரும் கூப்பிடவில்லை, யாரும் வெளியே வரவில்லை. ஆட்டோ ஒன்று சந்து முனையில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. நுஃமான் வண்டியை நிறுத்தாமலேயே குதிப்பவன் போல இறங்கினான். அந்த நேரம் பார்த்துக் கூண்டில் மறுபடி மணி அடித்தது.

ஒன்று. இரண்டு. பால்சாமி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். போதும், இத்தோடு நில்லு என்று அந்தப் போனைப் பார்த்துக் கெஞ்சினார்.

மூன்று.

"மாரி!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் மெடிக்கலில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "வண்டியத் திருப்புடா! மதுரைக்கு!"

மாரீஸ்வரன் கேள்வி கேட்காமல் ஆம்புலன்ஸைப் பின்னால் எடுத்துப் போர்டிகோவில் கொண்டுவந்து நிறுத்தினான். பால்சாமி கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்தார். சாவிக்கொத்தை நுஃமான் கையில் திணித்தார்.

"ஆரும் இதப் பூட்டாமப் பாத்துக்க."

"நீங்க எங்க மாமா?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. பதினான்கு வருசத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் கேட்டை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். பின்னால் கருத்தம்மாள் "ஏங்க... ஏங்க..." என்று துணிப்பையோடு ஓடிவந்தாள். நடைவழியில் பெட்டிக்குப் பக்கத்தில் ஏணி மேல் நின்ற சத்யப்பிரியா என்னவோ ஏதோ என்று திரும்பினாள்.

பிரசவ அறைக் கதவு திறந்தது. கையில் வெள்ளைத் துணி மூட்டையோடு சண்முகவள்ளி. முகத்தில் கோபம்.

"ஏண்ணே, ஒரு மனுசி எத்தன தடவதான் அடிக்கிறது? பேத்தி பொறந்து அஞ்சு நிமிசமாச்சு, ஒருத்தர்கூட எட்டிப் பாக்கக் காணோம். அப்பனும் ஆத்தாளும் எங்கன போயித் தொலைஞ்சீங்கன்னு நானே தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

"ரத்தம்..." என்றார் பால்சாமி.

"என்னா ரத்தம்?"

"மதுரைக்கு வண்டி..."

"மதுரைக்கு எதுக்கு? சித்திரத் திருவிழாவுக்கா? பொம்பளப் புள்ளண்ணே. மூணே கால் கிலோ. ஒங்க மக பசிக்குது இட்லி இருக்கான்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கா."

பால்சாமி சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். முதல் வாரம் ரிசீவரைப் பிடுங்கிய ஆள் எப்படிச் சரிந்தானோ அப்படியே. கருத்தம்மாள் பிள்ளையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "எங்கிட்டயே டெஸ்டிங்னு பொய் சொல்றீங்க, இருங்க வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"வள்ளி, நீ எத்தன மணி அடிச்ச?" தரையில் இருந்தபடியே கேட்டார்.

"ஒண்ணு. நீங்க வரலைன்னதும் மறுபடி போட்டேன். அதுவும் ஒண்ணுதான். ரெண்டாவது ஆரம்பிக்கும்போதே வச்சிட்டேன்."

"அங்கன மொதல்ல ரெண்டு அடிச்சுச்சு. அப்பறம் மூணு அடிச்சுச்சு."

"என் காதுல ஒண்ணுண்ணே. நான் எண்ணுனா தப்பாது."

ஏணியில் இருந்து சத்யப்பிரியா இறங்கி வந்தாள். "என்ன ஒண்ணு, ரெண்டு, மூணு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டர் காலிதா கதவருகே வந்து நின்றார்.

"சொல்லுங்க பால்சாமி அண்ணே, நானும் கேக்குறேன். வாசல்ல வண்டி திரும்பி நிக்கிது. யாருக்குன்னு எனக்கே தெரியல."

வேறு வழி இல்லாமல் பால்சாமி எல்லாவற்றையும் சொன்னார். முதல் வாரம் சரிந்து விழுந்த ஆளில் தொடங்கி இன்றைய மூன்றாவது மணி வரைக்கும். வேலை போனாலும் போகட்டும் என்ற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டரம்மா ஜன்னல் வழியாக வாசலில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தார். பிறகு, "பதினாலு வருசமா மதுரைக்கு அனுப்பணும்னு நான் நெனச்சு முடிக்கிறதுக்குள்ள வண்டி ரெடியா நிக்கும். இந்த மாரீஸ்வரனுக்கு என்னா ஒரு மூளைன்னு நான் அவனையில்ல மெச்சிக்கிட்டிருந்தேன்!" என்றார்.

சத்யப்பிரியா சிரிக்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "பெரியப்பா, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலியே தாயி."

"பழைய சிஸ்டத்துல இவங்க காதுல மணி போறதும் உங்க கூண்டுல மணி அடிக்கிறதும் ஒரே நேரத்துல, ஒரே ஜோடியா நடக்கும். அதனால எண்ணிக்கை சரியா இருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. இவங்க காதுல கேக்குற சத்தம் தனி, அத இவங்க பக்கத்துலயே உண்டாக்கிக் குடுக்குது. உங்க கூண்டுல அடிக்கிறது தனி. ரெண்டும் ஒண்ணா ஆரம்பிக்காது, ஒண்ணா நிக்கவும் செய்யாது. இவங்க காதுக்குச் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே அங்க ஒண்ணு அடிச்சிருக்கும். இவங்க போன வச்ச பிறகும் ஒண்ணு அடிச்சிருக்கும். பேசுறதுக்கு இது ஒரு கொறையே இல்ல. எடுத்துப் பேசிருவாங்கல்ல, யாரு மணிய எண்ணப் போறா?"

"நாங்க எண்ணுவோம்" என்றாள் சண்முகவள்ளி.

பால்சாமி மெல்ல எழுந்தார்.

"தாயி, ஒண்ணு அடிச்சது மூணாக் கேட்டுச்சு. சரி, நான் வீணா ஓடிவந்தேன், போகட்டும். ரெண்டு அடிச்சு அங்கன ஒண்ணாக் கேட்டா?"

அவள் சுவரில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அதுவும் நடக்கலாம் பெரியப்பா."

ரத்தம் வேண்டும் என்று உள்ளே துடிப்பார்கள். வாசலில் இவர் சிரித்த முகத்தோடு, போங்க, போயிப் பிள்ளையப் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், திறந்து கிடந்த கேட் வழியாக உப்பூரில் இருந்து ஒரு பெண்ணை வலியோடு கொண்டுவந்து உள்ளே சேர்த்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அவள் முனகுவது கதவு இடுக்கு வழியாகக் கேட்டது.

கருத்தம்மாள் பிள்ளையை நீட்டினாள். "புடிங்க, பேத்தியத் தூக்குங்க."

பால்சாமி துணியை விலக்கி முகத்தை மட்டும் பார்த்தார். சிவந்து, சுருங்கி, யாரிடமோ கோபித்துக்கொண்டது மாதிரி. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலத்தான் இருந்தது. கையை நீட்டாமல் துணியை மூடினார்.

"இப்ப வேணாம். மொதல்ல மணி சரியாகட்டும். இந்தப் பதட்டத்தோட தூக்குனா கீழ போட்டுருவேன்."

"பேத்தியத் தூக்காம மணியத் தூக்கப் போறாராம்" என்று சண்முகவள்ளி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

போன் சரியாகும் வரை செல்போனில்தான் பேச வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு போட்டார். பால்சாமி கேட்டுக்குத் திரும்பினார். நுஃமான் ஒரு சட்டைக் கையைச் சுருட்டித் தயாராக நின்றான். மறு கையில் சாவி.

"எவ்வளவு வேணுமாம் மாமா?"

"ஒரு சொட்டும் வேணாம்டா. பேத்தி பொறந்துருக்கா. ரெண்டு பேரும் நல்லாருக்காக."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று வானத்தைப் பார்த்தவன், சுருட்டிய சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே, "சவாரிய நடுரோட்டுல எறக்கி விட்டுட்டு வந்துருக்கேன் மாமா, ஒரு லட்டாச்சும் இருக்கா?" என்றான்.

சத்யப்பிரியா கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு நடைவழியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரம் ஆனது. மதுரைக்கு இரண்டு தடவை போன் போட்டுப் பேசினாள். முதலில் பெட்டி வெளிநாட்டு மணியை அடித்துக்கொண்டிருந்ததை நம் ஊர் மணிக்கு மாற்றினாள். பிரசவ அறையின் பழைய போனில் ஓரமாக மூன்று பித்தான்கள் சும்மா கிடந்தன. யாரும் அதுவரை தொட்டதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பரைப் பதிந்தாள். முதல் பித்தானை அமுக்கினால் கேட்டில் ஒற்றை மணி அடிக்கும், நிற்கும், மறுபடி ஒற்றை மணி அடிக்கும். இரண்டாவதற்கு இரட்டை மணி. மூன்றாவதற்கு மூன்று. எத்தனை மணி என்பதைப் பெட்டியே வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர் எண்ண வேண்டியதில்லை, பாதியில் வைத்தாலும் கெட்டுப்போகாது. அரை நிமிசம் வரை அதையே திரும்பத் திரும்ப அடிக்கும். ஒன்று காதில் விழாமல் போனாலும் அடுத்தது விழும்.

"கையில ரத்தமும் தண்ணியுமா இருக்கும், எப்புடி அமுக்குறது?" என்றாள் சண்முகவள்ளி.

"முழங்கையால அமுக்குங்க."

சண்முகவள்ளி முழங்கையால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள். "இது நல்லாருக்கே. எங்க வீட்டுக்காரருக்கும் இப்புடி ஒரு பித்தான் வச்சுக் குடேன்."

சோதனை தொடங்கியது. ஜன்னலில் இருந்து சத்யப்பிரியா கத்தினாள். "பெரியப்பா, இந்தத் தடவ எடுக்காதீங்க! தொடக்கூடாது!"

"நான் எந்தக் காலத்துல எடுத்தேன்!" என்று பால்சாமி பதிலுக்குக் கத்தினார்.

ஒற்றை மணி. நின்று, மறுபடி ஒற்றை மணி. அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இரட்டை மணி. இரண்டு விரல். மூன்று அடித்தபோது மூன்று விரலைத் தூக்கிக்கொண்டே ஆம்புலன்ஸை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை அடிக்கச் சொன்னார். அவள் பன்னிரண்டு தடவை அடித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டரம்மா தானே வந்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் மூணுக்கும் மட்டும் மணியோட நிக்க வேணாம், உங்க செல்லுக்கும் ஒரு வார்த்த வந்துரும். இனிமே இது ஆஸ்பத்திரியில நம்ம மூணு பேருக்கும் தெரிஞ்ச விசயம்" என்றார். கருத்தம்மாளுக்கு முன்னாலிருந்தே தெரியும் என்பதைப் பால்சாமி சொல்லாமல் விட்டார்.

அதற்குப் பிறகும் அவர் உள்ளே போகவில்லை. கூண்டில் நின்றார். மாரீஸ்வரன் வந்து, "மாமா, நான் பாத்துக்கிறேன், போங்க" என்றான். "இருடா, ஒரு நெச மணி அடிக்கட்டும்" என்றார். உப்பூர்க்காரப் பெண்ணின் புருசனும் மாமியாரும் கேட்டின் ஓரம் வெயிலென்றும் பாராமல் நின்றார்கள். அந்த இளைஞன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தை நிமிசத்துக்கு ஒரு தடவை பார்த்தான். பால்சாமி பிளாஸ்கில் இருந்து அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

பகல் ஒன்றே கால் மணிக்கு அடித்தது.

பால்சாமி எழுந்து தலையைச் சாய்த்தார். ஒற்றை மணி. நின்றது. மறுபடி ஒற்றை மணி. நின்றது. மறுபடி ஒற்றை மணி. சந்தேகமே இல்லை. அவர் தோள் இரண்டும் இறங்கின. காலையில் இருந்து அவை காதுப் பக்கம் ஏறி நின்றது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

"தம்பி, டீய வச்சிட்டு உள்ள போ. ஒம் பொண்டாட்டியும் புள்ளையும் நல்லாருக்காக."

"எப்புடிங்க தெரியும்? போன நீங்க எடுக்கவே இல்லியே!"

"போய்யா, போயிப் பாரு."

இளைஞன் ஓடினான். மாமியார்க்காரி பின்னால் ஓடினாள். ஒரு நிமிசம் கழித்து நடைவழியில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் பால்சாமி சாவியை மாரீஸ்வரனிடம் கொடுத்தார். குழாயடியில் கைகாலைக் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரே சத்யப்பிரியா பையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்தாள்.

"வாரேன் பெரியப்பா."

"என்னா பெரியப்பா? தாத்தான்னு கூப்புடு தாயி. காலையில நீ சொன்னப்ப சேரல. இப்பச் சேரும்."

"சரி தாத்தா" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. நுஃமானை அனுப்பி வாங்கிவைத்திருந்த லட்டு டப்பாவில் இருந்து இரண்டை அவள் பையில் போட்டு அனுப்பினார்.

அறையில் அமுதவள்ளி தலையணையில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். "என்னய்யா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? வாசல்ல இருந்து இங்க வர ரெண்டு மணி நேரமா?"

"கொஞ்சம் வேல இருந்துச்சு தாயி."

கருத்தம்மாள் பிள்ளையைக் கொடுத்தாள். இந்தத் தடவை அவர் கையை நீட்டினார். வாங்கி முழங்கை மடிப்பில் தலையை வைத்துக்கொண்டார். தாத்தாவின் கரகரப்பான சட்டை பிடிக்காமல் பேத்தி வாயைத் திறந்து வீல் என்றாள். நிறுத்தினாள். மறுபடி வீல் என்றாள்.

பால்சாமி தலையைச் சாய்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் நாலு, ஐந்து, ஆறு. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"என்னய்யா வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறீங்க?" என்றாள் அமுதவள்ளி.

"எண்ணிக்கிட்டிருந்தேன் ஆத்தா" என்றார் பால்சாமி. "மூணத் தாண்டிருச்சு. இனி எண்ண வேணாம்னு விட்டுட்டேன். அழட்டும், நல்லா அழட்டும்."